எறங்கினது யாரு?

லாரி எடைமேடையில் ஏறும்போது ஐரீன் மூச்சை நிறுத்திக்கொள்வார். முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் ஏறி, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்க வேண்டும். மேசை மேலிருக்கும் கருவியில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதுவரை மூச்சு வெளியே வராது. நின்றதும் மூச்சும் வரும், கூடவே சன்னல் வழியாக ஒரு கேள்வியும் போகும்.

"இன்னா டிரைவரே, எறங்கினியா, உள்ளயே குந்திகினு கீறியா?"

காலி வண்டியை எடை போடும்போது ஓட்டுநர் உள்ளே இருந்தால், சரக்கேற்றி வரும்போதும் அவர் உள்ளே இருக்க வேண்டும். இறங்கினால் இரண்டு முறையும் இறங்க வேண்டும். இரண்டு எடைக்கும் நடுவில் சரக்கைத் தவிர வேறெதுவும் மாறியிருக்கக்கூடாது. திருவொற்றியூரில், எண்ணூர் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் எடைமேடையின் அறையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்து ஐரீன் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான். இதை வைத்துத்தான் அவர் லாரிகளைப் பார்க்கிறார். கம்ப்யூட்டர்களையும் இதை வைத்தேதான் பார்க்கிறார்.

கம்ப்யூட்டர்களோடு அவரைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். கட்டணமில்லாத புரோகிராம்கள் உலகத்தில் ஏராளம். அவற்றில் பாதி, பொத்தானை அமுக்கினால் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். மீதியை எழுதியவர்கள் மூலநிரலாகவே பொதுவில் வைத்திருப்பார்கள். எழுதிய வரிகளை எடுத்துவந்து, நம் கம்ப்யூட்டரில் ஓடும்படி நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும்போது பாதியில் நின்று, திரை நிறையத் திட்டும். அந்தத் திட்டு வாங்கியவர்கள்தான் ஐரீனிடம் வருகிறார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து பாலிடெக்னிக் பிள்ளைகள் வருவார்கள். மீஞ்சூரிலிருந்து எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கும் ஒரு அம்மா பஸ் பிடித்து வருவார். ராயபுரம் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தலையில் சுமந்தபடி ஒருமுறை வந்தார்.

ஐரீனுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் எடைமேடையின் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிதாக வந்ததற்கு எடைக் கருவியின் பேச்சு புரியவில்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிப் பொதுவில் வைத்திருந்த புரோகிராம் ஒன்று கிடைத்தது. பதினோரு நாள், லாரிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக்கொண்டே, இடையிடையே அதைக் கட்டிப் பார்த்தார். பிழை வரும். அகராதி பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். ஒன்றைச் சரிசெய்வார். அடுத்த பிழை வரும். பன்னிரண்டாம் நாள் சிவப்பு எண்கள் அப்படியே திரையில் வந்து உட்கார்ந்தன. அந்த நேரம் பார்த்து லாரி ஒன்றும் இல்லை. ஐரீன் வெளியே ஓடித் தானே மேடையில் ஏறி நின்றார்.

"அறுபதுன்னு காட்டிச்சு. நான் அறுவத்தி நாலு. பத்து கிலோவுக்குக் கீய அதுக்குக் கண்ணு தெரியாது, பாவம்," என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஐரீனுக்கு வயது நாற்பத்தெட்டு. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பது கயிற்றில் அல்ல. கன்டெய்னர் கதவுக்குப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் சீல்கள் இரண்டை இணைத்துச் செய்த மாலையில். டீயில் வர்க்கியை முக்கி, அது உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போடுவதில் வல்லவர். யார் வந்தாலும் அவர் கீபோர்டைத் தொடமாட்டார். வந்தவர்தான் தட்ட வேண்டும். அவர் பக்கத்தில் நின்று படிப்பார். எழுத்துக்கூட்டி, முணுமுணுவென்று, ஒரு புள்ளி விடாமல் படிப்பார். வீணான எடைச்சீட்டின் பின்பக்கத்தில் பிழையை எழுதி, மேசை மேலுள்ள குத்துக் கம்பியில் குத்தி வைப்பார். கம்பியில் இப்போது ஒரு சாண் உயரத்துக்குப் பிழைகள் இருக்கின்றன.

திரை நிறைய இருநூறு வரி பிழை வந்தால் எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். ஐரீன் மேலே போகச் சொல்வார், இன்னும் மேலே, முதல் வரி வரைக்கும். "மொதல்ல கீற தப்புதான் ஆக்சிடென்ட்டு. கீய கீறதெல்லாம் வேடிக்கை பாக்க நின்ன வண்டிங்கோ" என்பார். தேவையான துணைப் புரோகிராம் கணினியில் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிய குறிப்புக் கோப்புகள் இல்லை என்று நின்றால், "லாரி கீது, ஆர்சி புக்கு இல்ல" என்பார். ஓட்டுவதற்கு லாரி போதும், அதைக் காட்டி இன்னொன்றைக் கட்ட வேண்டுமென்றால் புத்தகம் வேண்டும் என்று விளக்குவார். ஒவ்வொரு தடவையும் பழைய முயற்சியின் மிச்சங்களை முழுவதும் அழித்துவிட்டு, காலி அடைவிலிருந்து, ஒன்றுமில்லாத ஃபோல்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. "எம்டி வெயிட்டு போடாம லோடு வெயிட்டு போட்டா, அது எடையா?"

சென்ற ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி ஜேக்கப் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். ஜேக்கப் காசிமேட்டில் ஒரு விசைப்படகை ஓட்டுபவர். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பெட்டி, அலுவலகங்களில் கழித்துப்போடும் குட்டிக் கம்ப்யூட்டர். மூலக்கொத்தளம் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கி நேராக இங்கே கொண்டுவந்தது. படகின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். கூடவே விரல் நீளத்தில் ஒரு ரேடியோக் குச்சியும், அவரே கம்பியில் செய்த ஏரியலும் இருந்தன.

பெரிய கப்பல்கள் தங்கள் எண்ணையும் பெயரையும், எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்பதையும் ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். அதைக் கேட்டுத் திரையில் எழுதிக் காட்டும் புரோகிராம் ஒன்று பொதுவில் இருக்கிறது. ஆனால் ஜேக்கப்பின் பழைய பெட்டிக்கு ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. மூலநிரலிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அவருக்கு அது ஏன் வேண்டும் என்பதை மறுநாள் கூட வந்த லூர்துவின் முகமே சொன்னது. லூர்து ஜேக்கப்பின் மனைவியுடைய தம்பி. படகின் இஞ்சினைப் பார்ப்பவர். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை மூடுபனியில், எண்ணூருக்கு வெளியே, ஒரு சரக்குக் கப்பல் இவர்கள் வலையை மிதித்துக்கொண்டு போனது. படகு சாய்ந்ததில் லூர்து கடலில் விழுந்தார். நாற்பது நிமிடம் ஒரு காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தார். கப்பலில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இனி கப்பல் எங்கே வருகிறது என்று தெரியாமல் படகில் கால் வைக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர்தான். படகில் மற்ற நான்கு பேரும் லூர்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர் சரி என்றால்தான் ஐஸ் ஏற்றுவது. இல்லையென்றால், அறுபத்தோரு நாள் காத்திருந்த படகு அறுபத்திரண்டாம் நாளும் கரையிலேயே நிற்கும்.

முதல் நாள், கட்டும் கருவியே பெட்டியில் இல்லை என்று நின்றது. அதை ஏற்றினார்கள். பிறகு ஆர்சி புக்கு இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தார்கள். அன்றிரவு பெட்டி ஐரீனின் மேசையிலேயே இருந்தது. பெட்டிக்கு இணையம் கொடுக்க ஐரீன் ஒத்துக்கொள்ளவில்லை. நடுக்கடலில் இணையம் இருக்காது, அங்கே எப்படி இருக்குமோ அப்படியே இங்கேயும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பென் டிரைவில்தான் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் நாள் பாதிவரை மளமளவென்று கட்டிக்கொண்டு போய், இன்னொரு துணைப் புரோகிராம் இல்லை என்று நின்றது. அந்த ஒரே குறையையும் சாயங்காலம் தனியாகக் கட்டி ஏற்றினார்கள். நாளைக்கு முடிந்துவிடும் என்று ஐரீன் சொன்னார். ஜேக்கப் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினான்காம் தேதி மதியம் இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். லூர்து உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். காலி அடைவு. பென் டிரைவிலிருந்து மூலநிரலைப் பிரிக்கும் கட்டளையை ஜேக்கப் தட்டினார். அந்த நேரம் பார்த்து இரும்புச் சுருள் ஏற்றிய ஒரு டிரெய்லர் மேடையில் ஏறியது. ஐரீன் மூச்சை நிறுத்திச் சிவப்பு எண்களைப் பார்த்தார். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் திரையில் என்னென்னவோ ஓடி மறைந்திருந்தது. ஜேக்கப் அடுத்த கட்டளையையும் தட்டிவிட்டார்.

மூன்றே வரியில் நின்றது. நேற்று தாண்டிப் போன இடம்.

ஐரீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். நீ இப்போது புதிதாகச் செய்த கோப்பு, வெளியிலிருந்து வந்த கோப்புகளைவிட மூத்ததாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார் என்று அது சொன்னது.

"இன்னா மாமு, புள்ள அப்பனுக்கு முன்னாடி பொறந்துச்சா?" என்றார் வாசலிலிருந்து லூர்து.

ஜேக்கப் சட்டென்று கையைத் திருப்பித் தன் வாட்சைப் பார்த்தார். இரண்டு இருபது. லூர்து போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு இருபது. சுவரில் தொங்கும் கடிகாரம் வழக்கம்போல ஐந்து நிமிடம் முந்தி ஓடியது. மூன்று பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்கா இவ்வளவு கோபம்? ஜேக்கப் நாற்காலியில் ஏறி அதையும் சரிசெய்தார். திரும்பத் தட்டினார். திரும்பவும் அதே பிழை.

லூர்துவுக்குப் போதும் என்றாகிவிட்டது. குரல் உயர்த்தாமல்தான் சொன்னார்: "வுடு மாமு. மேசை மேல நிக்கறப்பவே இது இந்தப் பாடு. அலைல இன்னா பண்ணும்? நான் ஐஸ் வோணாம்னு சொல்லிட்றேன்."

போனைக் காதுக்குக் கொண்டுபோனவரை ஐரீன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண் அப்போது அச்சு மெஷினில் தொங்கிய டிரெய்லர் சீட்டின் நகல்மேல் இருந்தது. காலி எடை, அதன் நேரம். லோடு எடை, அதன் நேரம். லோடு எடையின் நேரம் காலி எடைக்கு முந்தியதாக ஒரு சீட்டு வந்தால் எந்தக் கம்பெனி வாசலிலும் லாரியை உள்ளே விடமாட்டார்கள்.

"நம்ம கடியாரத்த அது கேக்கல நைனா. அதோட கடியாரத்த கேக்குது. இன்னிக்கு இன்னா தேதின்னு பெட்டியவே கேளு."

ஜேக்கப் தட்டினார். பெட்டி, 2012 ஜனவரி ஒன்று என்றது.

மேலே போகச் சொன்னார் ஐரீன். இன்னும் மேலே. டிரெய்லர் நின்றிருந்தபோது ஓடி மறைந்த வரிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. இந்தக் கோப்பின் தேதி இன்னும் வரவில்லை, இந்தக் கோப்பின் தேதி இன்னும் வரவில்லை என்று நாற்பது ஐம்பது வரிகள். ஐரீன் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "மொதல் வரிய படிக்காம வுட்டது இன்னிக்கு நானு," என்று சொல்லி, ஒரு வீண் சீட்டை எடுத்து அதையும் எழுதிக் கம்பியில் குத்தினார்.

தேதியைக் கையால் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றார் ஜேக்கப். மணி மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐரீன் அசையவில்லை. இஞ்சின் கிளப்பும்போது கரண்டு ஒரு நொடி இறங்கிப் பெட்டி அணைந்து எழுந்தால் தேதி மறுபடி பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விடும் என்றார். அதற்கப்புறம் நேற்றுக் கேட்ட கப்பலை இப்போதுதான் கேட்டதாகவும், இப்போது கேட்கிற கப்பலை என்றைக்கோ போனதாகவும் அது காட்டும். கண் இல்லாத படகைவிடப் பொய்க்கண் உள்ள படகு மோசம். லூர்து நிலையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றார்.

"நேத்து சரியான தேதிதான் காட்டிகினு இருந்துச்சு. நேத்து வண்டில குந்திகினு இருந்தவன் இன்னிக்கு எறங்கி கீறான். எறங்கினது யாரு, ஜேக்கப்பு?"

"நான் ஒண்ணியும் பண்லக்கா. மாதா சத்தியமா ஒண்ணியும் பண்ல. வூட்டுக்கு எட்தும் போனேன், வச்சேன், எட்தாந்தேன்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஐரீன் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார். ஜேக்கப் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து நான்கு திருகுகளையும் பழகிய கையால் கழற்றினார். உள்ளே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். அதில் ஒன்றும் இல்லை. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரி இருக்க வேண்டிய இடம் அது.

"இதுல இருந்த செல்லு எங்க?"

"செல்லா? அத்த கய்ட்டி வச்சிகீறேன்," என்றார் ஜேக்கப், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

இடுப்பிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவிழ்த்தார். டார்ச் செல்கள் நான்கு, வாக்கி டாக்கியின் பேட்டரி, அலாரக் கடிகாரத்தின் பொடி செல், எல்லாவற்றுக்கும் நடுவில் பளபளவென்று அந்த வட்டம். படகு கரையில் நிற்கும் வரைக்கும் எந்தச் சாமானிலும் செல் இருக்கக்கூடாது. இருந்தால் உப்புக்காற்றில் பூத்துப்போய்ச் சாமானையே தின்றுவிடும். காசிமேட்டில் இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பழக்கம். படகுக்கு வாங்கிய பெட்டி இரவு வீட்டுக்கு வந்தது. அதிலும் ஒரு செல் இருக்கிறது. பல் தேய்ப்பதுபோல அதையும் கழற்றிவிட்டார். அது ஒரு காரியம் செய்ததாகவே அவர் கணக்கில் இல்லை.

முதலில் சிரித்தவர் லூர்துதான். வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். "எங்கக்கா தாலிய தவிர எல்லாத்தையும் கய்ட்டி பைல போட்டுகிறியே மாமு." ஐரீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜேக்கப் மட்டும் சிரிக்காமல், செல்லைச் சட்டையில் துடைத்து, பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். டிக் என்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டு நான்கு திருகுகளையும் முறுக்கினார்.

அதன்பிறகு எல்லாம் வேகம்தான். தேதி வைத்தார்கள். காலி அடைவு. பிரித்தார்கள், ஒரு முணுமுணுப்பும் இல்லை. மூன்றாம் வரி தாண்டியது. முப்பதாவது தாண்டியது. நேற்று நின்ற இடம் வந்தபோது மூன்று பேரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார்கள். அதையும் தாண்டியது. வரிகள் அடைமழைபோலக் கொட்டின. வெளியே ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். ஐரீன் ஓடிப்போய் எடை போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்தபோது கட்டி முடிந்திருந்தது.

ஓட்டிப் பார்த்தார்கள். நேற்று கட்டி ஏற்றிய அந்தத் துணைப் புரோகிராமைக் காணவில்லை என்று ஒற்றை வரியில் நின்றது. ஜேக்கப் ஐரீனைத் திரும்பிப் பார்த்தார். ஐரீன் சிரித்தார். "வண்டி உள்ள வந்துட்ச்சு, கேட்டு ரிஜிஸ்டர்ல பேரு ஏறல. அவ்ளோதான்." பதிவைப் புதுப்பிக்கும் சொல் ஒன்றைச் சொன்னார். ஜேக்கப் தட்டினார். மறுபடி ஓட்டினார்.

திரை கறுப்பாக நின்றது. மணி நான்கேகால். ஏரியலை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டியிருந்தார்கள். லூர்து மாடிக்கு ஏறிப்போனார்.

ஒரு வரி வந்தது. ஒன்பது இலக்க எண் ஒன்று, பக்கத்தில் தூரமும் திசையும் வேகமும். தென்கிழக்கு, ஆறு மைல், பதினோரு நாட் வேகம், முகம் வடக்கே. இன்னொரு வரி. இன்னொன்று. நான்கு, ஐந்து, ஏழு. ஐரீன் மூச்சு விடவில்லை. மேடையில் வண்டி எதுவும் இல்லை.

ஜேக்கப் சன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்துக் கத்தினார்: "மச்சான், தென்கெயக்கால பாரு. வடக்க பாத்து ஒண்ணு வர்தா?"

மாடியில் காலடிச் சத்தம் ஓடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றது.

"செவப்பு அடிவயிறு. வெள்ளை மாடி," என்று லூர்துவின் குரல் மெதுவாக வந்தது. "வர்து மாமு. எண்ணூர் பாத்து வர்து."

எண்ணுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் அந்த நிமிடம் எழுத்துகள் வந்து விழுந்தன. கப்பல் தன் பெயரைச் சொல்லியிருந்தது. ஐரீன் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். ஜேக்கப் அதை மாடிக்குக் கத்தினார். மாடியிலிருந்து லூர்து அதே பெயரைக் கடலைப் பார்த்துக் கத்தினார். தெருவில் போன ஒரு மீன்பாடி வண்டிக்காரர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

லூர்து படியிறங்கி வந்தார். முதல்முறையாக அறைக்குள் வந்து, திரையிலிருந்த ஏழு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "ஐஸ் ஏத்து," என்றார் அதில். "ஆமா, நானுந்தான் வரேன்."

ஐந்து மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டும். நிலக்கரி ஏற்றிய ஒரு பெரிய லாரி மேடைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஐரீன் நாற்காலிக்குத் திரும்பி, மூச்சை நிறுத்தி, சிவப்பு எண்களில் கண் வைத்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜேக்கப் பெட்டியை அணைத்து, ஒயர்களைச் சுருட்டி, துண்டை விரித்தார். மூடித் திருகில் திருப்புளியின் முனை பொருந்தும் சின்னச் சத்தம் கேட்டது.

ஐரீன் திரும்பவில்லை. எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தார். ஜேக்கப் திருப்புளியை அதில் வைத்தார்.